ஹோம் தியேட்டர் ரிசீவர்: எதற்கு முதலிடம்?

அப்பாவுக்கு 76 வயது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகச் சென்னையில் எங்களோடு இருக்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து ஒரு படத்தில் பாதியாவது பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். படத்துக்கு நடுவே அப்பா கேட்பார்: "என்னடா சொன்னான்?" நான் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் ஓடிப் போயிருக்கும். டிவி சத்தம் 18இல் ஆரம்பித்து 25, 32 என்று வாராவாரம் ஏறியது. 38இல் வைத்திருந்த ஒரு நாள் திடீரென்று சண்டைக் காட்சி வர, அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து ரிமோட்டைப் பிடுங்கினார்.

அப்புறம் ஒரு நாள் கவனித்தேன். அப்பா கேட்பதையே நிறுத்திவிட்டார். படம் ஓடும், பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் சிரித்தால், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு விநாடி தள்ளி அவரும் சிரிப்பார். அந்த ஒரு விநாடி எனக்குச் சங்கடமாக இருந்தது.

முதலில் செய்தது காது டாக்டரிடம் கூட்டிப் போனது. கேட்கும் திறன் சோதனையில் 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சரியாக இருந்த கோடு, 2000க்கு மேல் படிக்கட்டில் இறங்குவது போல இறங்கியது. வயதானால் பெரும்பாலோருக்கு இப்படித்தான். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ஸ, ட, த மாதிரி ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் 2000க்கு மேலே இருக்கிறது. அதனால்தான் அப்பாவுக்குப் 'பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது தெரியவில்லை.' படமா, பதமா? பாட்டா, பாத்தா? சத்தம் வந்துவிட்டது, சொல் வரவில்லை. காதுக் கருவி வாங்கினோம். போட்டுக்கொள்கிறார், ஆனால் டிவி முன்னால் "எல்லாமே இரையுதுடா" என்று கழற்றி வைத்துவிடுகிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்த ரிசீவரும் காதுக் கருவிக்கு மாற்று ஆகாது. ஆனால் சினிமாவில் வசனம் எங்கே இருக்கிறது, அதை மட்டும் தனியாக உயர்த்த முடியுமா என்று தேட ஆரம்பித்தபோது வந்து நின்ற இடம் ஏவி ரிசீவர். கம்ப்யூட்டர்காரன் புத்தி, உடனே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். ஒவ்வொரு மாடலுக்கும் நாற்பது வசதிகள். எதற்கு முதலிடம், எது சும்மா ஸ்டிக்கர்? இரண்டு மாதம் படித்து, அளந்து, தப்பு செய்து கற்றதுதான் இந்தக் குறிப்பு.

ரிசீவர் என்ன செய்கிறது

நான்கு வேலைகள். ஒன்று, டிவி, செட்டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாவற்றையும் வாங்கி எதை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும். இரண்டு, டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கப்பட்டு வரும் ஒலியைப் பிரித்து ஒவ்வொரு சேனலாக்கும். மூன்று, ஒவ்வொரு சேனலின் அளவு, தாமதம், தொனி ஆகியவற்றை நம் அறைக்குத் தகுந்தபடி மாற்றும். நான்கு, அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

கடையில் பேச்செல்லாம் நான்காவது வேலையைப் பற்றித்தான். "சார், இது 7.2, சேனலுக்கு 150 வாட்." பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரு ரிசீவர் வாங்கியது இதைக் கேட்டுத்தான். ஏழு சேனலில் இரண்டுக்கு மட்டுமே ஸ்பீக்கர் வைத்தேன். அதன் மைக்கை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. நான்காம் வருடம் ஹெச்டிஎம்ஐ போர்டு போய், "இந்த பார்ட் இப்போ வர்றதில்ல சார்" என்று பதில் வந்தது. ஐம்பது கிலோவாட் கொடுத்திருந்தாலும் அப்போது பிரயோஜனம் இல்லை. இந்தத் தடவை வரிசையைத் தலைகீழாகப் போட்டேன்.

முதலில் அறை

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் வேலை வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியலாளர் தலையில் விழுந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அறையில் அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, அந்த ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சால் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கவேண்டும். அந்த அளவுகளிலிருந்து பிறந்ததுதான் இன்றும் பயன்படும் சபீன் சூத்திரம்: ஒலி 60 டெசிபல் அடங்கும் நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ உறிஞ்சும் பரப்பு.

எங்கள் ஹாலுக்குப் போட்டுப் பார்த்தேன். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கன அளவு சுமார் 51 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 84 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் ஒலியை உறிஞ்சும். காலி அறையாக இருந்தால் 3 விநாடிக்கு மேல் எதிரொலிக்கும்! சோபா, மனிதர்கள், திரைச்சீலை எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 1 விநாடி. வசனம் தெளிவாகக் கேட்க ஒரு வீட்டு ஹாலில் அரை விநாடிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

இந்த ஒரு கணக்கு எனக்கு ஒரு புதிரை விடுவித்தது. சத்தத்தைக் கூட்டினால் ஏன் அப்பாவுக்கு இன்னும் குழப்பமாகிறது? ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும், சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. எங்கள் ஹாலில் ஸ்பீக்கரிலிருந்து முக்கால் மீட்டர் தாண்டினாலே மோதித் திரும்பும் ஒலிதான் பெரிது. அப்பா உட்கார்வது மூன்று மீட்டர் தள்ளி. முந்தைய எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையை மூடுகிறது. ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் அந்த விகிதம் மாறாது.

அதனால் ரிசீவர் வாங்குவதற்கு முன்னால் சபீன் செய்ததையே செய்தோம். பரணில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கிப் பின்சுவரில் சாய்த்தோம். "வீடா இது, மெத்தைக் கடையா?" என்றார் அம்மா. ஆனால் அன்று ராத்திரி செய்தியில் பாதி கூடுதலாகப் புரிந்தது என்று அப்பாவே சொன்னார். இப்போது மெத்தைகளுக்குப் பதிலாக ஜன்னலில் மடிப்பு நிறைய வைத்த கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, டிவிக்கு முன்னால் தடிமனான கம்பளம். செலவு ரிசீவர் விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

வசனம் வாழும் இடம்: நடு ஸ்பீக்கர்

5.1 ஒலியில் வசனத்தில் மிகப் பெரும்பகுதி நடு சேனலில்தான் இருக்கும். இடது, வலதில் இசை. பின்னால் சூழல் ஒலி. டிவியில் இரண்டே ஸ்பீக்கர் என்பதால் எல்லாவற்றையும் மடித்து இரண்டில் திணிக்க வேண்டும். நடு சேனலை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் கலப்பது வழக்கமான முறை. கலந்த பிறகு வசனத்தை மட்டும் உயர்த்த வழியில்லை. சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு ஸ்பீக்கரிலிருந்து ஒரே குரல் வரும்போது, ஒவ்வொரு காதுக்கும் அது சின்ன நேர இடைவெளியில் இரண்டு தடவை வருகிறது. அந்த இடைவெளியால் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் பல வருடம் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்த ஃபிளாய்ட் டூல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அப்பாவின் காதுக் கோடு இறங்க ஆரம்பிக்கும் அதே இடம்! பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் கதை. நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் வைத்தால் இந்தப் பள்ளம் இல்லை.

நடு சேனலின் கதையைத் தோண்டியபோது ஒரு ஆச்சரியம். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகம் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை டெலிபோன் கம்பி வழியாக வாஷிங்டனில் ஓர் அரங்கத்தில் ஒலிக்க வைத்தது. மூன்று மைக், மூன்று கம்பி, மூன்று ஸ்பீக்கர்: இடது, நடு, வலது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஹார்வி ஃபிளெட்சர். டெலிபோனில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை எப்படி அளப்பது என்று வருடக்கணக்கில் உழைத்தவரும் அவர்தான். காது டாக்டர்கள் பயன்படுத்தும் ஆடியோமீட்டர் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. அப்பாவின் காதை அளந்த கருவிக்கும், எங்கள் டிவிக்குக் கீழே வந்து உட்கார்ந்த நடு ஸ்பீக்கருக்கும் ஒரே மூதாதை.

ஆகவே ரிசீவரில் நான் பார்த்த முதல் வசதி: நடு சேனலின் அளவைத் தனியாக, சுலபமாக, ரிமோட்டிலேயே மாற்ற முடியுமா? ஏறத்தாழ எல்லா ரிசீவரிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் சிலவற்றில் ஒரு பட்டன் அழுத்தினால் வருகிறது, சிலவற்றில் ஐந்து மெனு உள்ளே போகவேண்டும். நான் ஆபீஸில் இருக்கும்போது அப்பாவே மாற்றவேண்டும் என்றால் இந்த வித்தியாசம் பெரிது. கடையில் ரிமோட்டைக் கையில் வாங்கிச் செய்து பாருங்கள்.

அறைத் திருத்தம்: மைக்கை வெளியே எடுங்கள்

இரண்டாவது இடம் இதற்கு. ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வரும். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சோதனை ஒலி அனுப்பி, தூரம், அளவு, அறை செய்யும் கோளாறு எல்லாவற்றையும் அளந்து சரிசெய்யும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் வைபிஏஓ, ஆன்கியோ, என்ஏடி மாடல்கள் பலவற்றில் டிராக். ஒரே பெயருக்குள்ளும் படிகள் உண்டு. ஆடிஸியில் மல்டிஈக்யூ, அதற்கு மேல் எக்ஸ்டி, அதற்கும் மேல் எக்ஸ்டி32. மேலே போகப் போக, குறிப்பாகத் தாழ்ந்த ஒலியில், திருத்தம் நுணுக்கமாகும். அட்டைப்பெட்டியில் பெயரை மட்டும் பார்க்காமல் எந்தப் படி என்று கேளுங்கள்.

இது எதைச் சரிசெய்யும்? அறையின் நீளமும் அகலமும் சில தாழ்ந்த சுரங்களை ஊதிப் பெரிதாக்கும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்தச் சுரம் வரும். எங்கள் 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, உயரத்துக்கு 56. அவற்றின் மடங்குகளும் சேரும். வில்லன் வரும்போது ஹாலே 'கும்ம்' என்று ஒரே சுரத்தில் இரைவது இதனால்தான். பெருத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் குணம் கொண்டது. கும்மை அடக்கினாலே வசனம் மேலே வந்துவிடும்.

எதைச் சரிசெய்யாது? எதிரொலி நேரத்தை. அதற்குத் திரையும் கம்பளமும்தான். ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் பள்ளங்களையும் நிரப்பாது. எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைக் குடம். அந்த இடத்தில் சோபாவை ஒன்றரை அடி நகர்த்துவதே மருந்து. எங்கள் ஹாலின் கணக்குப்படி சுமார் 280 ஹெர்ட்ஸ் வரை அறையின் ராஜ்யம். அதற்கு மேலே ஸ்பீக்கரின் தரமே பெரிது. அதனால் திருத்தத்தை எந்த அதிர்வெண் வரை செய்வது என்று வரையறுக்கவிடும் ஆப் இருந்தால் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

அளக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜைக்கூட ஐந்து நிமிடம். மைக்கைச் சோபாவின் நடுவில் மட்டும் வைக்காமல், யாருக்காக வாங்குகிறீர்களோ அவர் உட்காரும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டில் அது இடது ஓரத்துப் பிரம்பு நாற்காலி.

சத்தமும் கிசுகிசுப்பும்: மூன்றாவது இடம்

சினிமா ஒலிக்கலவை தியேட்டருக்காகச் செய்யப்படுகிறது. வசனத்தின் சராசரி அளவுக்கும் வெடிச்சத்தத்தின் உச்சத்துக்கும் இடையே 20, 30 டெசிபல் இடைவெளி சாதாரணம். ஃபேன் சுற்றும் ஹாலில் கிசுகிசுப்பைக் கேட்க வைத்தால், வெடி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இந்த இடைவெளியைச் சுருக்கும் வசதி ரிசீவர்களில் உண்டு. நைட் மோட், டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல், டைனமிக் வால்யூம் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஹை-ஃபை ரசிகர்கள் இதைப் பாவம் என்பார்கள். ரிமோட்டோடு மல்லுக்கட்டாமல் ஒரு படத்தை முழுசாகப் பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. குறைந்தது இரண்டு மூன்று படிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு படி மட்டும் இருந்தால் பெரும்பாலும் தேவைக்கு அதிகமாக நசுக்கிவிடும்.

உதடும் ஒலியும்

இது என் பட்டியலிலேயே இல்லாமல் இருந்தது, அப்பாவைக் கவனித்துச் சேர்த்தேன். கேட்கும் திறன் குறைந்தவர்கள் தமக்கே தெரியாமல் உதட்டைப் படிக்கிறார்கள். டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி முந்திவிடலாம். ஒளிபரப்புத் துறைக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று, ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதர்களுக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்கிறது. இயற்கையில் இடி மின்னலுக்குப் பிறகுதானே வருகிறது! ஒலியை மில்லிவிநாடி கணக்கில் தள்ளிவைக்கும் வசதி ரிசீவரில் இருக்கவேண்டும், ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது. செட்டாப் பாக்ஸுக்கு ஒரு அளவு, டிவி ஆப்புக்கு வேறு அளவு தேவைப்பட்டது.

இணைப்புகள்

டிவிக்குள்ளேயே ஓடும் ஆப்களின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வரும் வழிதான் ஆர்க். 2009இல் ஹெச்டிஎம்ஐ 1.4ஓடு வந்தது. ஓடிடி தளங்கள் தரும் சுருக்கப்பட்ட டால்பி, அட்மாஸ் உட்பட, இதிலேயே போய்விடும். 2017இல் ஹெச்டிஎம்ஐ 2.1ஓடு வந்த இ-ஆர்க்கின் கொள்ளளவு பல மடங்கு பெரிது. புளூ-ரேயின் சுருக்கம் இழக்காத ஒலிக்கு அது வேண்டும். உதட்டொத்திசைவைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு இ-ஆர்க்கில் கட்டாயம் என்பதால், புதிதாக வாங்கினால் இ-ஆர்க் உள்ளதாகவே வாங்குங்கள். ஆனால் டிவியில் அது இல்லாவிட்டால் ரிசீவரில் இருந்தும் பயனில்லை. டிவியின் பின்பக்கத்தை முதலில் எட்டிப் பாருங்கள்.

8கே? கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டும், அதற்கு ஹெச்டிஎம்ஐ 2.1 வாசல்கள் வேண்டும். அல்லது கேம் பெட்டியை நேராக டிவியில் சொருகி, ஒலியை மட்டும் இ-ஆர்க்கில் கொண்டுவரலாம். படம் மட்டும் பார்க்கும் வீட்டில் 8கே ஸ்டிக்கருக்காகக் கூடுதல் பணம் தேவையில்லை.

சரி, வாட்?

தொண்ணூறுகளில் டேப்ரிக்கார்டர் மேல் '2000 வாட் பிஎம்பிஓ' என்று ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதன் தம்பிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 150 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரே சேனல் மட்டும். அதே பெட்டி 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது 80 வாட்தான் தரலாம். பார்க்கவேண்டியது அந்த இரண்டாவது வரி. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974லேயே இதற்கு விதி போடவேண்டி வந்தது என்றால் விளம்பர வாட்டின் வயது தெரியும்.

எவ்வளவு வேண்டும்? கணக்கு எளிது. ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபல் என்றால், 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 88. மூன்று மீட்டரில் திறந்தவெளியில் 9.5 குறைந்து 78.5. சக்தி இருமடங்கானால் 3 டெசிபல் மட்டுமே கூடும், பத்து மடங்கானால் 10. தியேட்டர் தரத்தில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். வீட்டில் அதைவிட 20 குறைவாக வைத்துக் கேட்டால் உச்சம் 85. அதற்குத் தேவை 4.5 வாட்! 10 குறைவாக வைத்தால், அதுவே எனக்கு அதிக சத்தம், 45 வாட். முழுத் தியேட்டர் அளவு வேண்டுமென்றால் 450 வாட். அறைக்குள் சுவர்கள் உதவுவதால் நிஜத்தில் இன்னும் குறைவே போதும். 80க்கும் 100க்கும் வித்தியாசம் 1 டெசிபல். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலே சிரமப்பட்டுத்தான் தெரியும். அந்தப் பணத்தை நடு ஸ்பீக்கரில் போடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சொந்த ஆம்ப்ளிஃபயர் கொண்ட சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் ரிசீவரின் பாரம் இன்னும் குறையும்.

உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றாலோ, உணர்திறன் 84 என்றாலோ, பெரிய ஹால் என்றாலோ கதை மாறும். அப்போது ப்ரீ-அவுட் உள்ள ரிசீவராக வாங்கினால், தேவைப்படும் நாளில் தனி ஆம்ப்ளிஃபயர் சேர்க்கலாம்.

எத்தனை சேனல்?

7.2 என்றால் ஏழு ஆம்ப்ளிஃபயர், இரண்டு சப்வூஃபர் வாசல். குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் அந்த இரண்டு வாசலிலும் ஒரே சிக்னல்தான். அட்மாஸ் வேண்டுமென்றால் தரையில் ஐந்து, உயரே இரண்டு என்று 5.1.2 வைக்க ஏழு ஆம்ப்ளிஃபயர் போதும். நம் தட்டையான கான்கிரீட் கூரை மேல்நோக்கிய ஸ்பீக்கர்களின் ஒலியை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஒலி போகும் பாதையில் ஃபேன் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹாலில் பின்னால் ஸ்பீக்கர் வைக்கவே இடம் தகராறு. 3.1 போட்டோம்: இடது, நடு, வலது, சப்வூஃபர். அதற்கு 5.2 ரிசீவரே தாராளம். நல்ல மூன்று ஸ்பீக்கர், சுமாரான ஏழைவிட வசனத்துக்கு எவ்வளவோ மேல்.

சூடு, கரண்ட், சர்வீஸ்

பழைய ரிசீவர் கற்றுக்கொடுத்த பாடம் இது. நம் ஊர் மே மாதத்தில், கண்ணாடி ஷோகேஸுக்குள் பூட்டி வைத்த ரிசீவர் வேகும். மேலே ஒரு சாண் இடைவெளி, பின்பக்கம் திறப்பு வேண்டும். இடி இடித்தால் பிளக்கை மட்டுமல்ல, கேபிள் டிவி வயரையும் கழற்றுங்கள். செட்டாப் பாக்ஸ் வழியாக ஹெச்டிஎம்ஐ வாசலுக்கு மின்னல் வரும் பாதை அது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மலிவு ரிசீவர் 110 வோல்ட்டாக இருக்கலாம், இங்கே வாரண்டியும் இருக்காது. வாங்கும் முன் சர்வீஸ் சென்டருக்கு நீங்களே போன் செய்து, ஐந்து வருடப் பழைய மாடலுக்கு ஹெச்டிஎம்ஐ போர்டு கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தப் பதில் விளம்பரத்தைவிட உபயோகமானது.

கடைசியில் என் வரிசை

1. நடு சேனல் அளவை எளிதாக மாற்றும் வசதி
2. அறைத் திருத்தம், எந்தப் படி என்பதோடு
3. சத்த இடைவெளியைச் சுருக்கும் வசதி, பல படிகளில்
4. இ-ஆர்க், ஒலித் தாமதக் கட்டுப்பாடு
5. சொந்த ஊரில் சர்வீஸ், உதிரி பாகம்
6. நேர்மையான வாட், ஸ்பீக்கருக்குப் பொருத்தமாக
7. சேனல் எண்ணிக்கை
8. 8கே, வைஃபை, புளூடூத், மற்றவை

உங்கள் வீட்டில் கேம் விளையாடும் மகள் இருந்தால் நான்காவது முதலாவதாகலாம். பெரிய ஹாலும் 4 ஓம் ஸ்பீக்கரும் இருந்தால் ஆறாவது மேலே ஏறும். யாருக்காக வாங்குகிறோம், எந்த அறையில் வைக்கப்போகிறோம் என்று முதலில் எழுதிக்கொண்டால் வரிசை தானாக வந்துவிடும்.

ரிசீவர் வந்து நான்கு மாதம் ஆகிறது. நடு சேனலை 4 டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறோம். சுருக்கும் வசதி நடுப்படியில். மொத்த சத்தம் முன்னைவிடக் குறைவு என்று அம்மா சொல்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வேகமாகப் பேசும் படங்களில், பின்னணி இசை வசனத்தின் மேலேயே ஏறி உட்காரும் படங்களில் அப்பாவுக்கு இன்னும் பாதி போய்விடுகிறது. அதைக் கலவை செய்தவர்தான் சரிசெய்ய முடியும், ரிசீவரால் முடியாது. காதுக் கருவியை மட்டும் இப்போது கழற்றுவதில்லை. இரைச்சல் குறைந்ததால் போட்டுக்கொண்டே பார்க்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய நகைச்சுவைப் படம் பார்த்தோம். அப்பா எங்களுக்கு முன்னால் சிரித்த இடங்கள் இருந்தன. ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "என்னடா சொன்னான்?"

பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் போட்டேன்.